பெற்ற பிள்ளைக்குக் கூலியா?

போன வாரம் தோட்டத்துப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரம், இரண்டு பக்கமும் ஜின்னியா, நடுவில் சின்னவன் வாளியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். "குழந்தைகள் பூக்களோடு வளர்வது எவ்வளவு பெரிய கொடுப்பினை" என்று நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். அந்தப் படம் எடுத்த இரண்டாவது நிமிடம் அவன் வாளியைப் பாத்தி ஓரத்தில் வைத்துவிட்டு, "கால் வலிக்குது, நான் போறேன்" என்று வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டான். அதை நான் படம் எடுக்கவில்லை. யார்தான் எடுப்பார்கள்?

அதே படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தோழி உள்பெட்டியில் வந்து கேட்டார்: "பிள்ளைகளுக்கு மணிக்கணக்குப் போட்டுக் கூலி கொடுக்கிறாயாமே, பெற்ற பிள்ளைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?" நான் கொடுக்கிறேன். ஏன் என்று ஒரு வரியில் சொல்ல முடியாததால்தான் இந்த நீளமான பதிவு.

எங்களுடையது அரை ஏக்கர். கொய்மலர் மட்டும்தான், அதாவது காம்போடு வெட்டிக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிற பூக்கள். நானும் கணவரும் பார்க்கிறோம். பெரியவளுக்கு 14 வயது, சின்னவனுக்கு 9. ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் நாங்களும் எல்லோரையும் போலத்தான் இருந்தோம். பிள்ளைகள் "உதவி" செய்தார்கள்.

அந்த உதவி எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். அப்போது பெரியவளுக்குப் பதினொரு வயது. ஒரு நாள் எங்கள் இரண்டு பேருக்கும் வெளியில் வேலை. அம்மா வந்து சந்தோஷப்படட்டும் என்று அவளாகவே கத்தரியை எடுத்துக்கொண்டு போய் ஒரு ஜின்னியா பாத்தி முழுவதையும் வெட்டி வைத்துவிட்டாள். நூற்றுக்கு மேல் காம்பு. அழகாகக் கீழ் இலைகளை உருவி, வாளியில் தண்ணீர் ஊற்றி அடுக்கியிருந்தாள். மறுநாள் காலை பார்த்தால் முக்கால்வாசிப் பூக்கள் கழுத்து ஒடிந்து தொங்குகின்றன.

ஜின்னியா அப்படித்தான். மொட்டாக வெட்டினால் வாளியில் விரியும் வகை இல்லை. பூ முழுதாக மலர்ந்து, அதன் கீழே உள்ள காம்பு முறுக்கேறிய பிறகுதான் வெட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணை நம்பக் கூடாது, கையை நம்ப வேண்டும். பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். தலை மட்டும் தனியாகத் தள்ளாடினால் இன்னும் பக்குவம் வரவில்லை, விட்டுவிட வேண்டும். காம்பும் பூவும் ஒரே குச்சி போல விறைப்பாக ஆடினால் வெட்டலாம். பத்து விநாடி வேலை. தெரிந்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

நான் அவளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவள் அழவில்லை. "நான் உதவிதானேம்மா பண்ணேன்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஆட்டிப் பார்க்கும் விஷயத்தை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வெளியாள் ஒருவரை வேலைக்கு வைத்திருந்தால் முதல் நாளே பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டியிருப்பேன், ஏனென்றால் அவர் கெடுத்தால் எனக்கு நஷ்டம். மகள் செய்வது உதவி, உதவிக்கு எதற்குப் பயிற்சி என்று இருந்துவிட்டேன். உதவி என்றால் முடியாது என்று சொல்லவும் வழி இருக்க வேண்டுமே? எங்கள் வீட்டில் இல்லை. வரமாட்டேன் என்றால் முகம் தூக்கி வைத்துக்கொள்வேன். ஆக, மறுக்கவும் முடியாது, தப்பு செய்தால் திட்டும் உண்டு, காசும் கிடையாது. இதற்கு உதவி என்று பெயர் வைத்தது நான்தான், அவள் இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பெயர், தேதி, என்ன வேலை, எத்தனை மணி நேரம். சின்னவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. பரீட்சை வந்தால் இரண்டு பேருக்கும் விடுமுறை. "இன்னிக்கு வரலை" என்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இன்னமும் இருக்கிறது.

கட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசலாமே என்று கணவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுக்குக் கூலி என்றால் கை வேகமாகப் போகும். கத்தரி பூவோடு விரலையும் சேர்த்து வெட்டும். பக்குவம் பார்க்கிற பொறுமையும் போய்விடும். இந்தத் தொழிலில் பாதி அந்தப் பொறுமைதானே? கிளாடியோலஸை அடியில் ஒன்றிரண்டு பூவில் நிறம் தெரிந்ததும் வெட்டிவிட வேண்டும், மேலே உள்ளவை வாளியில் ஒவ்வொன்றாக விரியும். செடியில் நான்கு இலையாவது விட்டுவைக்காவிட்டால் மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு பருக்காது. டேலியாவோ நேர் எதிர், முக்கால் வாசிக்கு மேல் மலராமல் வெட்டினால் அப்படியே நின்றுவிடும். சூரியகாந்தியில் நடுத்தட்டை மூடியிருக்கும் இதழ்கள் லேசாக நிமிரத் தொடங்கும் நேரம். ஒரே தோட்டம், ஒரே காலை, மூன்று விதமான கடிகாரம்.

அந்தச் சூரியகாந்தி சின்னவனுடைய இலாகா. குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காம்பு சூரியகாந்தி என்பேன். விதை பெரியது, சின்ன விரலுக்கும் பிடிபடும். 60 நாளுக்குள் பூத்துவிடும் ரகங்கள் உண்டு, ஒன்பது வயதுப் பொறுமை அதற்கு மேல் தாங்காது. ஒரு விதைக்கு ஒரு செடி, ஒரு செடிக்கு ஒரு பூ, வெட்டினால் கதை முடிந்தது. அதனால் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லியும் கேட்காமல் முதல் தடவை 200 விதையையும் ஒரே நாளில் ஊன்றிவிட்டான். எல்லாம் சொல்லி வைத்தாற்போல ஒரே வாரத்தில் பூத்தன. பாதி விற்றது. மீதி தலை கவிழ்ந்து விதையாகி, கிளிகளுக்கு நல்ல வாரமாக அமைந்தது. விற்றதில் மட்டும் அவன் பங்கைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் உம்மென்று இருந்துவிட்டு, காலண்டரை எடுத்து வெள்ளிக்கிழமைகளில் வட்டம் போட ஆரம்பித்தான். இப்போது நான் நினைவுபடுத்துவதே இல்லை.

வாளி கழுவுவதற்குத்தான் எங்கள் வீட்டில் அதிகக் கூலி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்காது. வெட்டிய பூ சாவது பெரும்பாலும் தாகத்தால்தான். அழுக்கு வாளியில் பாக்டீரியா பெருகி, காம்பின் நீர்க்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் நின்றுகொண்டே பூ காய்ந்துபோகும். அதில் தண்ணீர் குடிக்க நாமே தயங்காத அளவுக்கு வாளி சுத்தமாக இருக்க வேண்டும். தேய்க்க வேண்டும், பிளீச்சிங் கரைசலில் அலச வேண்டும், கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். பிளீச்சிங் வேலையை நான் மட்டும்தான் செய்வேன். ஆனால் தேய்ப்பதற்கு ஆள் வேண்டுமே? யாரும் வரமாட்டார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது பெரியவள்தான். நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் இருக்கும் பெரிய பூ ஏலத்தைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள். அங்கே விலை ஏறாது, இறங்கும். கடிகார முள் போல விலை மேலிருந்து கீழே வரும், முதலில் பொத்தானை அமுக்குபவருக்குப் பூ. அவசரப்பட்டால் அதிக விலை, காத்திருந்தால் பூ கைவிட்டுப் போகும். அதை இவள் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். வாளி கழுவக் கூலி கீழிருந்து ஏறிக்கொண்டே வரும், முதலில் "எனக்கு" என்பவருக்கு அந்த வேலை. சனிக்கிழமை ராத்திரி நான் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை கூலி தாறுமாறாக ஏறிக்கொண்டே போக, கணவர் "எனக்கு" என்று கத்திவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏலமும் கிடையாது, விருப்பமும் கிடையாது. மருந்து. கலக்குவது, அடிப்பது, காலி டப்பாவைத் தொடுவது எதுவும் பிள்ளைகள் வேலை இல்லை. அடித்த பாத்திக்குள் லேபிளில் போட்டிருக்கிற நேரம் கழியும்வரை நாய்கூடப் போகக் கூடாது. பூ என்பதாலேயே சாதுவாக இருக்கும் என்று நினைக்கிறோம். கள்ளி இனத்துச் செடியான யூபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் வேதனை தாங்காது. அரளியும் நரிக்கையுறை எனப்படும் ஃபாக்ஸ்குளோவும் முழுச் செடியே விஷம். சாமந்திக் குடும்பத்துச் சாறு சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். பெரியவளுக்கு மணிக்கட்டில் வந்தது. வெயில் கொப்புளம் என்று இரண்டு வாரம் நாங்கள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். ஜின்னியா, டேலியா, சூரியகாந்தி எல்லாமே அதே குடும்பம்தான். இப்போது நீளக்கை சட்டையும் கையுறையும் இல்லாமல் அவள் பாத்திக்குள் இறங்குவதில்லை.

சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்றால், முழுக்க இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1973-இல் கொண்டுவந்த 138-ஆம் ஒப்பந்தம்தான் வேலைக்கான குறைந்தபட்ச வயதைச் சொல்வது. வளரும் நாடுகள் முதலில் சில துறைகளோடு தொடங்கிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. அங்கே வணிகப் பண்ணைகளைச் சேர்த்தவர்கள், வழக்கமாகக் கூலிக்கு ஆள் வைக்காமல் அக்கம்பக்கத் தேவைக்கு விளைவிக்கும் குடும்பச் சிறு பண்ணைகளை விட்டுவிட்டார்கள். காரணம் புரிகிறது, வீட்டுக்கு வீடு இன்ஸ்பெக்டர் போக முடியாது. அப்படியானால் எங்கள் தோட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் யார்? நான்தானே. முதலாளியும் நானே, இன்ஸ்பெக்டரும் நானே என்றால் அந்த நாற்பது பக்க நோட்டாவது இருக்கட்டும்.

"காசு கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு எல்லாவற்றுக்கும் கை நீட்டுவார்கள்" என்று என் மாமியார் சொன்னார். அவர் சொன்னது நடக்கவும் நடந்தது. முதல் இரண்டு மாதம் சின்னவன், பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து "இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டான். பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! விற்கிற பொருளுக்காகச் செய்வது நோட்டில் வரும், வீட்டில் வாழ்வதற்காகச் செய்வது வராது என்று கோடு போட்டேன். அந்தக் கோடும் எல்லா நாளும் நேராக இல்லை. மழையில் பந்தல் சரிந்த ராத்திரி நாலு பேரும் சேற்றில் நின்று தூக்கிக் கட்டினோமே, அது எதில் சேரும்? யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கையில் காசு இல்லாத குடும்பங்கள் என்ன செய்யும் என்பதும் நியாயமான கேள்வி. ஒரு வரிசையைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவிடுங்கள். அதில் விற்பது அவர்களுடையது, வாடினால் வாடுவதும் அவர்களுடையது. அந்த வரிசைக்கு மட்டும் நீங்கள் போய்த் தண்ணீர் பாய்ச்சாதீர்கள், அவ்வளவுதான்.

நோட்டு யாரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. போன வருடம் குளிர் அறையில் கார்னேஷன் கட்டுகளுக்குப் பக்கத்தில் நான்தான் ஒரு பெட்டி பழுத்த பழத்தை வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் பூக்கள் எல்லாம் இதழ்களை உள்பக்கம் சுருட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தன. பழம் பழுக்கும்போது விடுகிற எத்திலீன் செய்த வேலை அது. அந்தக் காலத்தில் விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றைக் கோணலாக வளரவைக்கிறது என்று நெலுபோவ் என்ற ரஷ்யர் 1901-லேயே கண்டுபிடித்துச் சொல்லியாயிற்று. எனக்கும் தெரியும். தெரிந்தும் வைத்தேன்.

சின்னவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அம்மாவுக்கு இந்த மாசம் சம்பளத்துல பிடிக்கணும்." பெரியவள் நோட்டைப் புரட்டிவிட்டு, "அம்மாவுக்குச் சம்பளமே இல்லையேடா, எங்கேருந்து பிடிக்கறது?" என்றாள்.

உண்மைதான். அதுவரை பிள்ளைகளின் அரை மணி நேரத்தைக்கூட எழுதிய நான், என்னுடையதை எழுதவே இல்லை. அவளே அந்த மாதத்திலிருந்து எனக்கு ஒரு கட்டம் போட்டு எழுதினாள். ஒரு வெளியாளுக்குக் கொடுக்கிற கூலியை என் மணிநேரத்துக்குப் போட்டுப் பார்த்தால், பன்னிரண்டில் எட்டு மாதம் தோட்டம் நஷ்டம். லாபம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது என் தூக்கத்தைத்தான். தினமும் பூ கொண்டுபோய்க் கொடுப்பதை வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்தோம். ஒரு கடைக்காரர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். மற்றவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: அடுத்த பருவத்திலிருந்து வரப்போவதில்லை. மூன்றாவது பாத்தியில் சாம்பல் நோய் தொடங்கியிருக்கிறது. தாங்கு வலை கிழக்குப் பக்கம் கிழிந்திருக்கிறது. டேலியா செடிகளுக்கு நுனி கிள்ளியாகிவிட்டது.

"எனக்கு இது எப்பவுமே அவ்வளவா பிடிக்கலைம்மா" என்றாள். "நல்லா செய்வேன். பிடிக்கலை."

ஏன் என்று கேட்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். ராத்திரி கணவரிடம் மட்டும் கொஞ்சம் அழுதேன்.

சின்னவனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அக்காவின் வரிசைகளையும் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லி நேற்றிலிருந்து பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான். "வாளியும் சேர்த்துத்தான், ஏலம் கிடையாது, இனி நீ ஒருத்தன்தானே" என்றேன். யோசித்துச் சொல்கிறானாம்.