டிபன் பாக்ஸும் பூட்டிய பீரோவும்

போன நவம்பரில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தேசிய நூலக வார விழா நடந்தது. 14-ஆம் தேதி தொடங்கி 20-ஆம் தேதி முடியும் அந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கென்று ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். சாமியானா, மைக், பொன்னாடை எல்லாம் இருந்தன. வாழ்த்துரை மட்டும் நான்கு பேர். மகளுக்கு ஓவியத்தில் ஆறுதல் பரிசு கிடைத்தது: எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நல்ல கனமான பாக்ஸ்தான், குறை சொல்லக் கூடாது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. மூன்று மணி நேரம் நூலகத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு புத்தகத்தைத் திறக்கவில்லை. திறக்க வழியும் இல்லை. சிறுவர் நூல்கள் இருக்கும் கண்ணாடி பீரோ பூட்டியிருந்தது. விழா பேனரை அதன்மேல்தான் கட்டியிருந்தார்கள்.

அடுத்த வாரம் நூலகரிடம் கேட்டேன். கோபமாகத்தான் போனேன், அவர் சொன்னதைக் கேட்டதும் கோபம் இறங்கிவிட்டது. "அம்மா, இருப்புச் சரிபார்க்கும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் நான்தான் பணம் கட்ட வேண்டும். பிள்ளைகள் புத்தகம்தான் முதலில் கிழியும், முதலில் காணாமல் போகும். நான் ஒரே ஆள், எதையென்று பார்ப்பது?" என்றார். உண்மைதான். கதவைத் திறப்பவர், நாளிதழ்களை அடுக்குபவர், பதிவேட்டில் கையெழுத்து வாங்குபவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு நாற்காலி தேடித் தருபவர், எல்லாம் அவர் ஒருவரே. புத்தகம் படிக்கப்படாமல் இருந்தால் யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. தொலைந்தால் கேட்பார்கள். அப்புறம் அவர் பூட்டாமல் என்ன செய்வார்?

அந்த பீரோவுக்கு மேலே சட்டம் போட்டு ஐந்து வரிகள் மாட்டியிருக்கிறார்கள். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள். முதல் விதி, 'நூல்கள் பயன்பாட்டுக்கே'. அதே 1931-இல்தான் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மாடு கட்டி வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைப்படம் பார்க்கிறார்கள்.

சிலர் சொல்வார்கள், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே என்று. இருக்கிறது. 2010-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் முதல் தளத்தில், செயற்கை மரத்தடியில் பிள்ளைகள் காலை நீட்டிக்கொண்டு படிப்பதைப் பார்த்து நானே வாயைப் பிளந்திருக்கிறேன். 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்துவிட்டது. இரண்டும் பெருமைதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு நூலகம் என்பது தெருமுனையில் இருப்பது. தனியாக நடந்து போய், படித்து, வீட்டில் தேடுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருப்பது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி எங்கள் ஊரிலும்தான் கட்டுகிறோம்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பீரோ திறந்திருக்கும். நான் பொறுப்பு. தொலைந்தால் நான் கட்டுவேன். இரண்டாவது சனி மட்டும் நூலகம் விடுமுறை.

முதல் வாரம் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். பரிசு ஏதும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வாரம் நான்கு பேர். மனம் தளர்ந்துதான் போனேன். ஆனால் நான்கு பேர் என்பது கதை சொல்ல அருமையான எண்ணிக்கை. எல்லோருக்கும் படம் தெரியும், மைக் வேண்டாம். ஒரு பையன் படிக்கத் தெரியாததை மறைக்கப் பக்கங்களை மளமளவென்று புரட்டிக்கொண்டே இருப்பான். நான் சத்தமாகப் படிக்கும்போது மட்டும் அவன் கை நின்றுவிடும். ஒரே கதையை நான்கு வாரம் கேட்டான். ஐந்தாவது வாரம் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். "அக்கா, நரி திரும்பிப் பார்க்கும், அதை விட்டுவிட்டீர்கள்" என்று அந்த வரியின்மேல் விரலை வைத்தான்.

பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்துக் கொடுக்கிறார்கள். நல்ல பெயர்கள். அந்த மாதிரி ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடியவை எங்கள் பீரோவில் மிகவும் குறைவு. பொதுஅறிவுக் களஞ்சியங்களும் தலைவர்களின் வரலாறுகளும்தான் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகளுக்கு நூல் தேர்ந்தெடுப்பவர்கள் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்.

வாசகர் வட்டப் பெரியவர் ஒருவர் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, கடைசியில் எழுந்து, "சரி, இந்தக் கதையிலிருந்து என்ன நீதியைக் கற்றுக்கொண்டீர்கள்?" என்றார். அதுவரை ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், இனிப்பெல்லாம் வாங்கிக் கொடுத்தார். இப்போது அவரும் வருகிறார். கேள்வி கேட்கக் கூடாது என்று ஒப்பந்தம். கரடி வரும் கதைகளை அவர் வாசித்தால் என்னுடையது எடுபடுவதில்லை.

இந்த நவம்பரில் போட்டி நடத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடத்துங்கள். பேனரை வேறு சுவரில் கட்டுங்கள். டிபன் பாக்ஸுக்கு ஆகும் பணத்தில் ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுங்கள். வாழ்த்துரை நான்கில் இரண்டைக் குறைத்து, அந்த நேரத்துக்கு பீரோவைத் திறந்து விடுங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு மாதத்தில் இரண்டு புத்தகங்கள் காணாமல் போயின. ஒன்று மூன்று வாரம் கழித்து மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. மற்றொன்று அந்த நரிக் கதை. விலை 35 ரூபாய், கட்டிவிட்டேன். யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்கப் போவதில்லை.