சிவப்புக் கோடு போனால் போதுமா?

டைப் எரர், அதாவது முழு எண் வர வேண்டிய இடத்தில் தசமம் வருவதுபோல் வகை ஒத்துப்போகாத பிழை, வந்தால், புரோகிராமைச் சரிபார்த்து ஓடும் வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைலர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிற இடத்தில் உடனே கை வைக்காதீர்கள். இலங்கை மலையகத்து ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் ஓகேமல் என்ற நிரல்மொழி படிக்க வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்: கோடு மறையும் வரைக்கும் அந்த வரியில் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பது, மறைந்ததும் “சரி அண்ணே, ஓடுது” என்பது.

ஓடும்தான். எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், அதனால் கொழுந்துக் கணக்கைத்தான் பயிற்சியாகக் கொடுப்பேன். ஒருவர் புரோகிராமின் மேலே இரண்டு நிறுவையைக் கூட்டுவதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதி, உள்ளே + போட்டுவிடுகிறார். ஓகேமலில் + முழு எண்ணுக்கு மட்டும்தான், தசமத்துக்கு +. என்று புள்ளியோடு போட வேண்டும். அவர் டைப் எதுவும் எழுதாததால், இது முழு எண் வாங்குகிற ஃபங்ஷன் என்று கம்பைலரே முடிவுகட்டிக்கொண்டு பேசாமல் கீழே போய்விடுகிறது. பல வரி தாண்டி, காலை நிறுவை 18.7 கிலோவை அதற்குக் கொடுக்கும்போதுதான் கத்துகிறது. கோடு விழுவது 18.7க்கு அடியில், தப்பு இருப்பதோ மேலே அந்தக் கூட்டலில். நம்மவர் என்ன செய்கிறார்? 18.7ஐ இன்ட்_ஆஃப்_ஃபுளோட்டுக்குள் போடுகிறார். அது தசமத்தை வெட்டி 18 ஆக்கிவிடும். கோடு போய்விட்டது, கூடவே 700 கிராம் கொழுந்தும் போய்விட்டது. ஏற்கெனவே சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள், இதில் நம் பிள்ளை எழுதின புரோகிராமும் கழிக்க வேண்டுமா?

இதற்குக் கம்பைலரைத் திட்டிப் பயனில்லை. கணினி அறிஞர் ராபின் மில்னர் 1978இல் எழுதிய முறைதான் இன்றைக்கும் ஓகேமல் போன்ற மொழிகளுக்கு அடிப்படை: நாம் டைப் எழுதாவிட்டாலும் பயன்பாட்டைப் பார்த்து அதுவே ஊகித்துக்கொள்ளும். இரண்டு ஊகம் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எது உங்கள் மனதில் இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மேலே உள்ள ஃபங்ஷனுக்கு ஃபுளோட் (தசம எண்) வாங்கி ஃபுளோட் தரும் என்று டைப் எழுதிப் பாருங்கள், கோடு நேராக அந்தக் கூட்டலுக்கு வந்துவிடும். ஹாஸ்கல் என்ற இன்னொரு மொழியில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, தெரியாத இடத்தில் வெறும் _ வைத்தால் அங்கே என்ன டைப் வர வேண்டும் என்று கம்பைலரே சொல்லும். இதைப் பயன்படுத்தாமல் எரரை அப்படியே ஏஐயிடம் ஒட்டினால், பெரும்பாலும் அதுவும் கோடு விழுந்த வரியைத்தான் திருத்தித் தரும்.

அப்புறம் பேர் விஷயம், அதாவது தோட்டத்தில் ஒருவரின் ஒரு நாள் வேலையைக் கணக்கெழுதுகிற அளவு. முழுப்பேரை 1.0 என்றும் அரைப்பேரை 0.5 என்றும் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் கிலோவையும் பேரையும் தவறிக் கூட்டினாலும் கம்பைலர் வாயே திறக்காது, அதற்கு இரண்டும் ஃபுளோட்தான். முழுப்பேர், அரைப்பேர், பேர் இல்லை என்று மூன்று வகை உள்ள ஒரு டைப்பாக எழுதுங்கள். நாளைக்கு நாலாவதாக ஒன்று, உதாரணத்துக்கு ஞாயிறு வேலைக்கு ஒன்றரைப் பேர், சேர்க்க வேண்டி வந்தால், பழைய மூன்றை மட்டும் கையாளுகிற மேட்ச் (எந்த வகைக்கு என்ன செய்ய என்று பிரித்துச் சொல்லும் பகுதி) எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் அதற்கு மேட்ச்சின் கடைசியில் “மற்றதெல்லாம் பூச்சியம்” என்று ஒரு _ போட்டு மூடாமல் இருக்க வேண்டும். மூடினால் எச்சரிக்கையும் வராது, ஞாயிறு வேலை செய்தவருக்குச் சம்பளமும் வராது.