பணம் அனுப்பும் கமாண்டை இப்படி எழுதாதீர்கள்

மைன்கிராஃப்ட் சர்வருக்குப் பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) எழுதுபவர்கள் பலர் தர்க்கத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதிகூட ஆர்குமென்ட்டுக்கு, அதாவது கமாண்டுக்குப் பின்னால் ஆட்டக்காரர் தட்டும் மதிப்புகளுக்கு, காட்டுவதில்லை. சர்வரின் பொருளாதாரம் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

பிளகின் எழுத உதவும் பக்கிட் என்ற ஜாவா கட்டமைப்பின் முறையில் ஆட்டக்காரர் தட்டியது எல்லாமே இடைவெளியில் வெட்டுப்பட்ட ஸ்ட்ரிங்குகளாகத்தான் (வெறும் எழுத்துக் கோவைகளாகத்தான்) வரும். '/பே ரவி 50' என்பதில் 50-ம் ஸ்ட்ரிங்தான். முதலில் எத்தனை ஆர்குமென்ட் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணாமல், இல்லாத இரண்டாவதைத் தொட்டால் எக்ஸெப்ஷன், அதாவது நிரல் பிழையோடு பாதியில் நிற்கும். ஆட்டக்காரருக்குத் தெரிவது 'உள் பிழை' என்ற சிவப்பு வரி மட்டும். ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் (பார்ஸ் செய்யும்) இடத்தில், பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் ட்ரை-கேட்ச் கட்டாயம். 'ஐம்பது' என்று தட்டினாலும், 2147483647-ஐத் தாண்டினாலும் இன்டிஜர் (முழு எண்) பார்ஸ் வெடிக்கும். மைனஸ் இன்னும் மோசம். -500 அனுப்பினால், அனுப்பியவர் கணக்கு ஏறும், வாங்கியவர் கணக்கு இறங்கும். பட்டப்பகல் திருட்டு அது.

தொகைக்கு டபுள் (தசம எண்) வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஜாவாவின் டபுள் பார்ஸ், 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் என்ஏஎன் (NaN) என்ற மூன்றெழுத்தையும் செல்லும் மதிப்பாக ஏற்றுக்கொள்ளும். 'தொகை பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் நிறுத்து', 'இருப்பு தொகையைவிடக் குறைவு என்றால் நிறுத்து' என்ற இரண்டு காவலையும் அது தாண்டிவிடும். என்ஏஎன்னோடு எதை ஒப்பிட்டாலும் பெரிது, சிறிது எல்லாமே பொய்தான். கழித்த பிறகு இருப்பே என்ஏஎன் ஆகிவிடும், அப்புறம் எதை வாங்கினாலும் தடுக்க ஆளில்லை. பார்ஸ் செய்த கையோடு, வந்தது ஒழுங்கான எண்தானா என்று பார்க்கும் இஸ்ஃபைனைட் சோதனை போடுங்கள்.

பெயரும் அப்படித்தான். ஆட்டக்காரரைப் பெயரால் தேடித் தரும் கெட்பிளேயர், பெயரின் தொடக்கம் பொருந்தினாலே ஆளைத் தந்துவிடும். ரவி ஆன்லைனில் இல்லாவிட்டால் பணம் ரவிக்குமாருக்குப் போகும். முழுப் பெயரும் பொருந்தினால்தான் ஆளைத் தரும் கெட்பிளேயர்எக்ஸாக்ட் எழுதுங்கள். ஆம்-இல்லை மதிப்பைப் படிக்கும் பூலியன் பார்ஸும் ஏமாற்றும்: 'yes' கொடுத்தால் சத்தமில்லாமல் பொய் என்று எடுத்துக்கொள்ளும்.

என் கருத்து: புதிதாக எழுதுவதென்றால், கமாண்டுகளைப் படித்துச் சரிபார்க்கும் பிரிகேடியர் நூலகம்தான். 2018-ல் மைன்கிராஃப்ட் 1.13 பதிப்போடு வந்தது. இன்டிஜர் 1 முதல் 64 வரை என்று அறிவித்துவிட்டால், 65 தட்டும்போதே, என்டர் அழுத்துமுன், சாட் பெட்டியில் சிவப்பாகும். எண்ணில் இலக்கம், புள்ளி, மைனஸ் தவிர எதையும் படிக்காது. ஆகவே என்ஏஎன் நுழையவே வழியில்லை.

தமிழில் தட்டுபவர்கள் கவனிக்க: பிரிகேடியரின் வேர்ட் (ஒற்றைச் சொல்) வகை ஆங்கில எழுத்து, இலக்கம், இன்னும் நான்கு குறிகளை மட்டுமே ஏற்கும். ஹோமுக்கு (ஆட்டக்காரர் திரும்பி வரக் குறித்துவைக்கும் இடம்) தமிழில் 'வீடு' என்று பெயர் வைத்தால் பிழை வரும். ஸ்ட்ரிங் வகை போட்டு மேற்கோள் குறிக்குள் தட்டச் சொல்லுங்கள், அல்லது கிரீடி ஸ்ட்ரிங் போடுங்கள். கிரீடி மீதி வரி முழுவதையும் விழுங்கிவிடும் என்பதால் அது கடைசி ஆர்குமென்ட்டாக மட்டுமே இருக்க வேண்டும்.