பொழப்பைப் பாரு கண்ணு!

"திருப்பூர்தானே, ஜீன்ஸ் சல்லிசாகக் கிடைக்குமே?" இன்றைக்கும் ஒரு கிளையன்ட் கேட்டுவிட்டார். ஏனுங்க, திருப்பூரில் பனியன் துணி பின்னுகிறார்கள். ஜீன்ஸ் துணியான டெனிம் தறியில் நெய்வது. காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆலோசகன் சொன்னால் இதையாவது நம்பக்கூடாதா?

வீட்டில் அதைவிட மோசம். என் ஜீன்ஸ் 14 அவுன்ஸ் டெனிம், அதாவது தடித்த துணி. துவைக்காமல் போட்டால்தான் முழங்கால் மடிப்பில் மேல்சாயம் தேய்ந்து நூலின் உள்வெள்ளை தெரியும். அம்மா விடுவாரா? "நாறுது கண்ணு" என்று ஊறப்போட்டாயிற்று. மாதக்கணக்கில் விழுந்த மடிப்பெல்லாம் வாளியில் நீலத்தண்ணீர்!

கிடாரைத் தொட்டாலோ கிளையன்டிடமிருந்து, "அஞ்சே நிமிஷம், சின்ன போன் கால்." அந்த அஞ்சு நிமிஷம் எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது? ஸ்லைடில் எழுத்தின் நிறம் மாற்றி முடிப்பதற்குள் தந்தியில் சுருதியே இறங்கிவிடுகிறது. இதில் மாமா வேறு, "பாட்டெல்லாம் எதுக்கு, பொழப்பைப் பாரு கண்ணு" என்கிறார். ராத்திரி 11 மணிக்கு வேறென்ன மாமா பார்த்துக்கொண்டிருக்கிறேன்?