எரேமியா கண்டித்தது கிறிஸ்துமஸ் மரத்தை அல்ல

“கிறிஸ்துமஸ் மரம் பழைய புறச்சமயத்தாரின் குளிர்காலச் சடங்கு, பைபிளில் எரேமியா நூலின் 10ஆம் அதிகாரம் அதை அன்றே தடுத்துவிட்டது” என்ற வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

அந்த அதிகாரத்தில் மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் ஒன்பதாம் வசனம் வரை படியுங்கள். காட்டில் வெட்டிய மரத்தைத் தச்சன் வாச்சியால் செதுக்குகிறான். அதற்கு வெள்ளியும் பொன்னும் பூசி, அசையாதபடி ஆணி அடிக்கிறார்கள். நீல, இரத்தாம்பர (ஊதா) ஆடையும் உடுத்துகிறார்கள். அது பேசாது, நடக்காது, சுமந்துதான் போக வேண்டும். சொல்லப்படுவது மரத்தில் செய்த விக்கிரகம். வீட்டுக்கூடத்து ஊசியிலை மரம் அல்ல. எரேமியா தீர்க்கதரிசி வாழ்ந்தது கி.மு. 600 வாக்கில்.

வீட்டுக்குள் மரம் அலங்கரிக்கும் வழக்கம் மிகவும் பிந்தியது. ஐரோப்பாவின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரைப் பற்றிய 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று, காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் இனிப்புகளும் தொங்கிய மரங்களைப் பற்றிச் சொல்கிறது. வடஐரோப்பியரின் பழைய குளிர்கால விழாவான ‘யூல்’ உண்மையானதுதான். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் ஐஸ்லாந்து நூலான ஹைம்ஸ்கிரிங்லா அதைப் பற்றிச் சொல்லும்போது மதுவும் விருந்தும் வருகின்றன. அலங்கரித்த மரம் வருவதில்லை.

மரம் வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆசையாக மரம் வைத்த வீட்டாரைப் பாவிகள் என்று குற்றம் சாட்டும் இந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.