தண்ணீரில் ஒளிர்ந்தால் போதாது

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாத நண்பர்களே இல்லை. மெத்தனால் என்ற நச்சு கலந்த மதுவில் ஒரு துளி, ஒளிரும் நானோ துகள்கள் பூசிய தாளில் விழுகிறது, புற ஊதா விளக்கின் கீழ் நிறம் மாறுகிறது, இனி நச்சு மதுவால் சாவே இல்லை என்று அறிவிக்கிறார்கள். மெத்தனால் கலக்காத மதுவில் அதே தாள் என்ன காட்டியது? அதை மட்டும் காட்டவில்லை.

ஒளிரும் நானோ துகள்கள் மேல் எனக்குப் பகை இல்லை. என் ஆய்வுக் காலமே அவற்றோடுதான் கழிந்தது. 10 நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் புள்ளிகளை ஈயத்தைக் கண்டறியச் செய்திருந்தேன். ஈய அயனி வந்து ஒட்டினால் ஒளி மங்கும். மங்கிய அளவைக் கொண்டு ஈயத்தின் அளவைக் கணக்கிடலாம். தண்ணீரில் பிசகே இல்லை. சிவப்பு ஒயினில் இட்ட அன்று, ஈயம் சேர்க்காத மாதிரியிலும் ஒளி அணைந்துவிட்டது. துகள்களுக்குச் சேர வேண்டிய புற ஊதா ஒளியை ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தரும் பாலிஃபீனால்கள் விழுங்கியிருந்தன. வெறும் ஒயினையே ஈயம் என்று சொன்ன அந்தக் கரைசலின் முன் உட்கார்ந்து அன்று அழுதேன்.

அதனால்தான் சொல்கிறேன்: தண்ணீரில் ஒளிர்ந்தது மதுவில் பயன்படும் என்பதற்குச் சான்று ஆகாது. மெத்தனாலோ ஈயத்தைவிடவும் கடினம். மதுவில் போதை தரும் எத்தனாலுக்கும் அதற்கும் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன் மட்டுமே வேறுபாடு. 40 விழுக்காடு எத்தனாலுக்கு நடுவே அதைத் தனியே இனங்காண வேண்டும்.

பொறாமையில் பேசுகிறேன் என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மெத்தனாலைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் கருவி ஆய்வகத்தில் அல்லவா இருக்கிறது, கையில் எளிய தாள் வேண்டாமா என்று கேட்பவர்கள் சொல்வது நியாயம். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் நச்சு இருக்கும்போது இல்லை என்று சொல்லும் தாள், தாளே இல்லாததைவிடக் கொடியது. அதை நம்பித்தான் ஒருவர் குடிப்பார்.

குடிக்கிறவன் செத்தால் உனக்கென்ன என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகி, பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரிவதால், குடித்தவர் போதை என்று நினைத்துப் படுத்துவிடுகிறார். விழிக்கும்போது கண் தெரிவதில்லை. அப்படிப் படுத்தவர் என் தாய்மாமன். எனக்கென்ன என்று கேட்டவருக்கு என்னால் இதைத்தான் சொல்ல முடியும்.