பிஹோல்டரின் நடுக்கண் எல்லா சக்தியையும் அழித்துவிடாது

பிஹோல்டர் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டில் வரும் அரக்கன்; நடுவில் ஒரு பெரிய கண்ணும் மந்திரக் கதிர் வீசும் சிறு கண்களும் அதற்கு உண்டு. “பிஹோல்டரின் நடுக்கண் பார்வையில் பட்டால் மந்திர வாள் நிரந்தரமாகச் செத்துவிடும், டிராகனால்கூட நெருப்பு கக்க முடியாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த விளையாட்டின் 5ஆம் பதிப்பின் (2014) விதி அப்படிச் சொல்லவில்லை.

அந்தக் கண்ணிலிருந்து விரியும் 150 அடி நீளக் கூம்பு வடிவப் பகுதிக்குள் மந்திரம் அடக்கி வைக்கப்படுகிறது, அழிவதில்லை. வாள் உள்ளே இருக்கும்வரை சாதாரண வாள். வெளியே வந்ததும் பழையபடி வேலை செய்யும். வரவழைத்த உயிரினம் மறைந்து, கூம்பு விலகியதும் அதே இடத்தில் திரும்பத் தோன்றும். ஆனால் மந்திரத்தின் கால அளவு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், இதைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆர்ட்டிஃபாக்ட் என்ற மிக அரிய, மாபெரும் சக்திகொண்ட மந்திரப் பொருள்கள் உண்டாக்கும் விளைவுகளுக்கும் தெய்வங்கள் உண்டாக்கும் மந்திர விளைவுகளுக்கும் இதில் விலக்கு உண்டு.

டிராகனின் நெருப்பு அதன் உடலோடு பிறந்தது, மந்திரமாகக் கணக்கில்லை. தாராளமாகக் கக்கும்.

இன்னொன்று, புதிதாக டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்தி அரக்கர்களை இயக்குபவர்) ஆகிறவர்கள் கட்டாயம் கவனியுங்கள்: பிஹோல்டரின் சொந்தக் கண்கதிர்களும் அந்தக் கூம்புக்குள் செல்லாது. அதனால்தான் ஆட்டத்தில் தன் முறை ஒவ்வொன்றும் தொடங்கும்போது கூம்பை எந்தப் பக்கம் திருப்புவது, இயக்குவதா வேண்டாமா என்று அது முடிவு செய்கிறது. மந்திரவாதியை உள்ளே அடக்கிவிட்டு, வெளியே நிற்பவர்கள்மேல் கதிரை வீசுங்கள்.